பல் தடம்

மெழுகுப் பசைக்குள் எழுபது வருஷம் கிடந்தது.
வயோமிங் வெயிலில்
காரின் பின்சீட்டில் படுக்கவைத்தேன்;
பழுப்பாய் வியர்த்தது துப்பாக்கி.

குழலுக்குள் கெட்டில் கெட்டிலாய்க் கொதிநீர்.
லூவெல்லாவின் இஸ்திரிப்பெட்டியை
அவளுக்குத் தெரியாமல் எடுத்து
ஈரத்துணிமேல் அழுத்த அழுத்த
கட்டையின் நசுங்கல்கள் உப்பி எழுந்தன.

ஒன்று மட்டும் எழவில்லை.
விரலால் தடவினேன்: பற்கள்.
மேலே நாலு, கீழே மூன்று.
எந்தப் பனியிலோ,
எந்தக் குண்டைப் பிடுங்கும்போதோ.

உப்புத்தாளை மடித்து வைத்தேன்.

முதல் வெடியை நம்பக் கூடாது.
பழைய டயரில் கட்டி,
விசைக்கு இருபதடிக் கயிறு,
டிரக்குக்குப் பின்னால் நான்.
இழுத்தேன்.

புழுதி அடங்கியது.
குழலில் விரிசலில்லை,
தோட்டா உறையும் முழுசு.
இனித் தோளில் வைக்கலாம்.

கன்னம் பதிகிற இடத்தில்தான்
அந்தப் பற்கள்.