விடுபட்ட காலாண்டுகள்

டோக்கன் எண் நூற்று எழுபது.
உலகத் தரவரிசையில் அவள் தொட்ட உச்சம்
நூற்று எழுபத்தொன்று.
ஆக, சேன் தெனி ஓய்வூதிய அலுவலகத்தில்
ஓரிடம் முன்னேறியிருக்கிறாள்
நதேஜ் கரூப்பேன்.

கருப்பன்தான்.
ரியூனியன் தீவில் கப்பல் இறங்கியவனின் பெயரை
எழுதிக்கொண்ட குமாஸ்தாவுக்கு
மூக்கால்தான் சொல்ல வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளைஞன்
திரையை அவள் பக்கம் திருப்பினான்.
"மதாம், தொண்ணூற்றொன்றிலிருந்து
இரண்டாயிரத்து நான்கு வரை
ஒன்றுமே காணோம்.
பிள்ளைப்பேறா? நோயா? வெளிநாடா?"

"விளையாடிக்கொண்டிருந்தேன்."

அந்த வயதில் எல்லாரும் அதைத்தானே செய்தோம்
என்று சிரித்தான்.
அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு
பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.
பச்சை அட்டை, பள்ளிக்கூட நோட்டு.

தாஷ்கண்ட், முதல் சுற்று, தொண்ணூற்றெட்டு டாலர்.
விசாவுக்கு அதைவிடக் கூட.
கெய்ரோ, இரண்டாம் சுற்று, மணற்காற்று, பேதி.
போர்ட்டோ போகும் இரவு ரயில்:
தூங்கினால் அறை வாடகை மிச்சம்,
தூங்கவில்லை.
மட்டைக்கு நரம்பு கட்டக் கூலி கட்டுப்படியாகாமல்
தானே கட்டப் பழகி,
பிறகு மற்றவர்களுக்கும் கட்டிக் கொடுத்து,
மறுநாள் அதே நரம்பில் அடிவாங்கித் தோற்றது.
அதற்கும் வரவு எழுதியிருக்கிறாள்:
அறுபது பிராங்க்.

பாரிஸ் செம்மண்ணில் ஒரே ஒரு தடவை.
தகுதிச் சுற்று, கடைசி ஆடுகளம்.
பார்க்க வந்தவர் ஆறு பேர்,
அதில் ஒருவர் வழி தவறியவர்.
மூன்றாவது செட்டில் ஒரே ஆட்டத்துக்குள்
பதினோரு முறை சொன்னார் நடுவர்:
எகாலித்தே.
சமம்.
எகாலித்தே.
சமம்.
அந்தத் தேசத்தில் வேறு யாரும்
அவளிடம் அதை
அத்தனை முறை சொன்னதில்லை.

பிறகு ஒரு டபுள் ஃபால்ட்.
அது நோட்டில் இல்லை.

"பொறுங்கள், ஒன்று இருக்கிறது" என்றான் இளைஞன்.
"தொண்ணூற்றேழு. லீல் நகரம்.
காலணிக் கடை. நான்கு மாதம்."

தோளில் கத்தி வைத்த பிறகு வந்த குளிர்காலம் அது.
கடைச் சுவர் முழுக்க ஒரே சுவரொட்டி:
அந்தரத்தில் நின்று பந்தை அடிக்கும்
ஒரு செக் நாட்டுப் பெண்.
காசாபிளாங்காவில் அவளை
ஆறு-மூன்று, ஆறு-நான்கு என்று வென்றிருந்தாள் நதேஜ்.
அந்தப் படத்தின் அடியில் முட்டிபோட்டு
யார் யார் பாதத்துக்கோ அளவெடுத்தாள்.
அரசாங்கக் கணக்குப்படி
பதினான்கு ஆண்டுகளில் அவள் பார்த்த வேலை
அவ்வளவுதான்.

முறையிடலாம் மதாம், என்று ஒரு படிவம் தந்தான்.
"வேலை கொடுத்தவர் பெயர்" என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
அப்புறம் ஒரு கோடு கிழித்தாள்.
கோட்டில் விழுந்தால்
உள்ளே என்றுதான் கணக்கு.

திரும்பும் மஞ்சள் பேருந்தில் உட்கார இடமில்லை.
ஒரு பக்கம் கடல்.
மறுபக்கம் செங்குத்தாக மலை,
உச்சியிலிருந்து சாலைவரை
கம்பி வலை போர்த்தியிருந்தார்கள்,
மழையில் உருளும் கற்களுக்காக.
வலக்கை இப்போது தோளுக்கு மேல் எழாது.
இடக்கையால் மேல்கம்பியைப் பிடித்திருந்தாள்,
எத்தனையோ ஆயிரம் பந்துகளை
வானத்தில் நிறுத்திவைத்த கை.

வலைக்குள் ஒரு கல் தொங்கியது.
பானையளவு இருக்கும்.
பேருந்து நெரிசலில் நகராமல் நின்றதில்
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெட்" என்றாள் மெதுவாக.
காதில் பாட்டுக் கருவியோடு நின்ற பள்ளிப் பையன்
என்ன என்பதுபோல் திரும்பினான்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

வலையில் பட்ட பந்து
தவறா, மறுபடி போடலாமா
என்று உடனே சொல்லிவிட முடியாது.
அது எந்தப் பக்கம் விழுகிறது
என்று பார்க்க வேண்டும்.