எப்போதாவது

தோட்டப்பாளையத்தில்
பிரிண்டருக்கு மை ஊற்றும் கடையில் நின்று
வரைபலகை இருக்கா என்றேன்.
தஸ்தகீர் நிமிரவில்லை.
"இன்னாத்துக்கு மேடம்? தொழிலுக்கா, சும்மாவா?"

சும்மா என்று சொல்லக் கூச்சம்.
"எப்பவாவது வரைய" என்றேன்.
எப்பவாவதுக்கு இன்ன விலை என்று
அவரிடம் ஒரு பட்டியல் இருக்கும் என நினைத்தேன்.

பதினாலு வருஷமாக ரத்தம் பார்க்கிறேன்.
கண்ணாடித் துண்டில் சாயம் ஏறிய அணுக்களை
ஒன்று இரண்டு என்று எண்ணி
நூறில் நிறுத்துவேன்.
சாப்பாட்டு வேளையில்
பழைய ரிப்போர்ட்டின் முதுகில்
மாதிரி எடுக்கும் அறை வாசலில்
கழற்றிக் கிடக்கும் செருப்புகளை வரைவேன்.
கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்த செருப்பு,
பேரணாம்பட்டுச் செருப்பு,
வார் அறுந்து ஊக்கு குத்திய ஒன்று.
எப்சிபாதான் சொன்னாள்,
"தாளைத் தூக்கிப் போட்டுடறாங்க அக்கா,
கம்ப்யூட்டர்ல வரை, அழியாது."

கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டி.
திரை வைத்தது இருபத்து மூவாயிரம்:
என் வண்டிக்கு ஏழு மாதத் தவணை.
நடுவில் உள்ளது நாலாயிரத்து முந்நூறு,
ஓரத்தில் பன்னிரண்டு பொத்தான்.
கடைசியில் ஒரு அஞ்சலட்டை அகலம்,
இரண்டாயிரத்து அறுநூறு,
பேனாவுக்கு பேட்டரி வேண்டாம்.

"வாங்கறதே வாங்கற, பெருசா வாங்கிடேன்"
ராணிப்பேட்டையிலிருந்து போனில் அண்ணன்.
நடைபயிற்சி மிஷின் வாங்கி
அதன்மேல் லுங்கி காயப்போடுகிறவன்.

"எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு
அழுத்தம் எடுக்கும்" என்றார் தஸ்தகீர்.
எனக்குத் தெரிந்த அழுத்தம் மூன்று:
மெதுவாக,
சாதாரணமாக,
மேனேஜர் கூப்பிட்டு அனுப்பிய நாளில்.

"ஒண்ணு சொல்லிடறேன். படம் பலகைல தெரியாது.
கை இங்க இருக்கும், கோடு அங்க போவும்.
நெறைய பேரு ஒரே வாரத்துல
திருப்பி எடுத்துக்கினு வந்துடறாங்க."

இடது கை தட்டை நகர்த்த,
வலது கை திருகைத் திருக,
கண் மட்டும் குழாய்க்குள் கிடக்க,
என் கைகளை நான் பார்த்தே
பதினாலு வருஷம் ஆகிறது.

பேனாவை வாங்கி
அவர் திரையில் ஒரு வட்டம் போட்டேன்.
தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது,
ஒரு மயிரிழை தப்பி.
அப்போதுதான் தஸ்தகீர் நிமிர்ந்து பார்த்தார்,
என்னை அல்ல, வட்டத்தை.

சின்னதையே கட்டச் சொன்னேன்.

பாலாற்றுப் பாலத்தில் பாதி வரும்போது
மனசு குறுகுறுத்தது.
எப்போதாவது தண்ணீர் வரும் ஆற்றுக்கு
இவ்வளவு நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்களே,
நான் மட்டும் ஆறங்குலத்தில் நின்றுவிட்டேனா?
பின்னால் வந்த சித்தூர் பஸ் அடித்த ஹாரனில்
அந்தக் கணக்கு அறுந்தது.
பாலம் தண்ணீருக்கில்லை, பஸ்ஸுக்கு.

வீட்டில் பெட்டியைப் பிரித்தால்
உள்ளே ஒரு கறுப்புக் கையுறை:
சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் மட்டும்.
பத்து விரலும் மூடி வேலை செய்கிறவள்
அதைப் போட்டுக்கொண்டு சிரித்தேன்.
மற்ற மூன்று விரலுக்கும் லீவு.

அப்புறம் சின்ன உறையில் பத்து மாற்று முனை.
தினம் வரைகிறவருக்கு
ஒன்று மூன்று மாதம் வரும் என்று
தாளில் போட்டிருந்தது.
எனக்கு ஞாயிறு அரைமணி.
அதுவும் துணி துவைத்து,
கரண்ட் இருந்து,
தலைவலி இல்லாமல் இருந்தால்.
கூட்டிப் பார்த்தேன்.
பத்தாவது முனை தேயும்போது
எனக்கு எழுபத்து மூன்று.

ஒன்றும் தொலையக் கூடாது என்று
ஊதா மூடிக் குப்பி ஒன்றில் போட்டு
லேபிள் ஒட்டினேன்.
பெயர் என்ற இடத்தில் என் பெயர்.
வயது என்ற இடத்தில் முப்பத்தெட்டு.
மாதிரி வகை என்ற இடத்தில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
பேனாவைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.