ஏழு பங்கு டீ

போச்சம்பள்ளி சிப்காட்டில்
பத்து இருபதுக்கு மணி அடித்தால்
பத்து நிமிஷம் டீ.
தையல் லைனில் நாற்பத்தாறு மெஷினும்
ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை விடும்.
ஷூவின் நாக்குகள்
வாய் இல்லாமல் கூடையில் கிடக்கும்.

புது மெஷின் பொருத்த வந்தவள் யென்லிங்.
ஃபூஜியனில் ஏதோ மலையூர்.
அப்பா தேயிலைக்காரர், மகளுக்கு
ஸ்க்ரூடிரைவர்தான் கைக்கு வந்தது.
அவள் சீனத்தில் பேசுவாள்.
போன் கொஞ்சம் யோசித்து
செய்தி வாசிக்கிற தமிழில் சொல்லும்.

முதல் நாள் கேனிலிருந்து பிடித்து
அவள் முன்னால் வைத்தேன்,
விளிம்பு வரைக்கும், நுரை தனி.
குறைத்து ஊற்றினால் கஞ்சத்தனம், எங்களுக்கு.
கப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
இரண்டு விரலை மடக்கி மேஜையில்
டொக் டொக் டொக்.

எரிச்சலாகிவிட்டது.
மகாராணிக்கு என்ன அவசரம்?
மறுநாளும் அதே டொக் டொக்.
மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்:
யாரைக் கூப்பிடுகிறாய்?

போன் யோசித்தது.
"முன்னொரு காலத்தில் பேரரசர் ஒருவர்
மாறுவேடத்தில் பயணித்தார்.
கடையொன்றில் தன் பணியாளுக்குத்
தானே தேநீர் ஊற்றினார்.
பணியாள் மண்டியிட்டால் வேடம் கலையும்.
ஆகவே விரல்கள் மண்டியிட்டன."

கதைதான், யார் கண்டது என்று
தோளைக் குலுக்கினாள்.
பிறகு என் கப்பை இழுத்து ஊற்றிக் காட்டினாள்.
ஏழு பங்கோடு நிறுத்த வேண்டுமாம்.
வழிய வழிய ஊற்றினால்
குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம்.
மிச்சம் மூன்று பங்கு
மனுஷருக்கு மனுஷர் விட்டுவைக்கிற இடமாம்.

மூன்று நாளாக
சர்க்கரை தூக்கலாகப் போட்டு
அவளை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு நாள் கல்யாணப் பேச்சு.
அங்கே பெண் வீட்டுக்குச் சீரோடு தேயிலை போகுமாம்.
தேயிலைச் செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால்
பிழைக்காது என்று பழைய ஆட்கள் நம்பினார்களாம்.
நீ பிழைத்துக்கொண்டாயா என்று கேட்டேன்.
போன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.
டீ ஆறிவிட்டது.

எனக்கோ அந்த ராஜா ஊற்றியதுதான்
ஷிப்ட் முடிகிற வரைக்கும் ஊசியில் ஓடியது.
எங்கள் ஊர்க் கடையிலும்
தூக்கித்தான் ஊற்றுவார்கள்.
நுரைக்கு ஒரு உயரம்.
என் அப்பா டம்ளருக்கு இன்னொரு உயரம்,
பட்டுவிடக் கூடாத உயரம்.
அந்த டம்ளர் கூரைச் சந்தில் செருகியிருக்கும்.
அவரே எடுத்து, அவரே கழுவி,
அவரே செருகிவிட்டு வர வேண்டும்.
காசு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.
பேரே சின்னப்பையன்;
அறுபது வயசிலும் முன்னால் ஒரு "டேய்".

இப்போது அங்கே எல்லோருக்கும் பேப்பர் கப்.
ஒரே அளவு, ஒரே பூப்படம்.
மனசு மாறியதா,
கழுவுகிற வேலை மிச்சமா,
யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

கடைசி நாள் யென்லிங்குக்கு
ஏழு பங்கு ஊற்றினேன்.
தட்டினாள்.
என் கப்பை வாங்கி அவள் ஊற்றினாள்.
தட்டினேன்.
லைன் நின்றிருந்த அந்தப் பத்து நிமிஷம்
யார் வேடத்தில் யார் என்று
எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

சாயங்காலம் மத்தூர் தாண்டி
கம்பெனி பஸ் இறக்கிவிட்டது.
கடையில் இப்போது அவர் மகன்.
டீயை என் முன்னால் வைத்தான்,
விளிம்பு வரைக்கும்.
பழக்கத்தில் விரல் பெஞ்சுக்குப் போனது.
போனதே தவிர மடங்கவில்லை.
நேராக நின்றபடியே
டொக் டொக்.

"என்னக்கா, சில்லறையா?"

பன்னிரண்டு ரூபாய் டீ.
பதினைந்து கொடுத்திருந்தேன்.

"ஆமாம்பா," என்றேன்.
"மூணு பாக்கி இருக்கு."