பங்கு வீட்டுப் பூட்டு

செக்காலை ரோட்டு மாடி கிளினிக்கில் கேட்டேன்:
இந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது?

சீட்டின் பின்பக்கம் டாக்டர் ஒரு கதவு வரைந்தார்.
டோபமின் என்று ஒன்று, அதுதான் சாவி.
உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் திறக்கிறது.
மாத்திரை முந்திக்கொண்டு
துவாரத்தில் உட்கார்ந்துவிடும்.
அவ்வளவுதான்.

எனக்கு உடனே பிடிபட்டது.
எங்கள் வீட்டில் பதினோரு பங்கு.
பினாங்கிலிருந்து வந்த பங்காளி ஒருவர்
இரண்டாங்கட்டுக் கதவில்
தன் பூட்டைப் போட்டுவிட்டுக் கப்பலோ விமானமோ ஏறிப் போனார்.
பூட்டு யாரையும் திட்டவில்லை.
உள்ளே இருப்பதைத் துரத்தவும் இல்லை.
நாங்கள்தான் சுற்றிப் போகப் பழகினோம்.

மருந்துக்கு முன்னால்
மச்சில் ஏழு பேர் இருந்தார்கள்.
பேரேடு வாசிக்கிற குரல்.
உமையாள், பற்று.
உமையாள், பற்று.
வரவு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.
மூன்றாம் வாரம் முனகலானார்கள்.
பிறகு ஒரு வியாழக்கிழமை
குக்கர் சத்தம் வெறும் குக்கர் சத்தமாக இருந்தது.
ஆத்தாவிடம் சொல்லவில்லை.
மூன்று விசிலும் நின்று கேட்டேன்.

ஆனால் பூட்டுக்கு எந்தக் கதவென்று தெரியாது.
டோபமின் போகிற வாசலிலெல்லாம் போய் உட்கார்ந்தது.
டம்ளரும் டவராவும்
என் கையில் தந்தியடித்தன.
கால் மட்டும் உட்கார விடவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
என்னத்தடி தேடுறே, என்றாள் ஆத்தா.
தேடவில்லை ஆத்தா.
நிறுத்தத் தெரியவில்லை.

அப்புறம் பால்.
முப்பத்தொன்பது வயது, கல்யாணமாகாதவள்,
தூரம் நின்று நான்கு மாதம்,
ரவிக்கையில் ரூபாய்க் காசளவு ஈரம்.
முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு
கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன்,
யாருடைய பட்டாவோ, யாருடைய பிறப்புச் சான்றிதழோ.
மிஷின் வெளிச்சம் போய் வந்தது, போய் வந்தது.
இல்லாத பிள்ளைக்கு
என் உடம்பு தயாராக இருந்தது.

பாலை நிறுத்தி வைத்திருப்பதும்
அதே டோபமின்தான், என்றார் டாக்டர்.
முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.
அவருக்கும் கூச்சம் போல.

மாத்திரை மாறியது.
பால் வற்றியது, கை அடங்கியது.
பசி வந்தது.
பசி என்றால் உங்கள் பசி இல்லை.
சீப்புச் சீடை டின்னை மடியில் வைத்துக்கொண்டு
விடியும்வரை தின்றேன், ருசி பார்க்கக்கூட இல்லை.
பதினான்கு கிலோ.
கீழச்சிவல்பட்டிக் கல்யாணத்தில் கன்னத்தைத் தொட்டு
பூரிச்சுட்டாளே, இப்பத்தான் களை வந்திருக்கு என்றார்கள்.
முதல் தடவையாக ஒருத்தி
என் நட்சத்திரம் விசாரித்தாள்.
சிரிக்கப் போனேன்.
உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது.

நடுவில் நானாக நிறுத்தியும் பார்த்தேன்.
இளைக்கத்தான், வேறெதற்கும் இல்லை.
பத்து நாள் ஒன்றுமில்லை.
பதினோராம் நாள்
மச்சில் நாற்காலி இழுக்கிற சத்தம்.
ஒருவர்தான். தொண்டையைச் செருமினார்.
பேரேட்டைத் திறக்குமுன்
மாத்திரையைத் தண்ணீரில்லாமலே விழுங்கினேன்.

குணமாயிற்றா என்று கேட்கிறார்கள்.
பூட்டியிருக்கிறது.
போன வாரம் சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு.
செவ்வாய்க்கிழமை திரும்ப எடுக்க வேண்டும்,
வெறும் வயிற்றில்.
அதுதான் இப்போதைய கவலை.