அலகு

வியாழன் இரவு, ஜுஃபேர், மூன்றாம் மாடி.
ஏசித் தண்ணீர் பெயின்ட் வாளியில் சொட்டுகிறது.
மேசையில் மூன்று கிளாஸ், ஒரு சொட்டுக்குழல்
(லேபிலிருந்து வந்தது; கழுவியது, சத்தியமாகக் கழுவியது),
நடுவில் பர்பன்.
கென்டக்கிக்கே திரும்பிப் போன டேல்
பெட்டி எடை கூடியதால் விட்டுப்போனது.

அறுபத்து நாலு சதம்.
பீப்பாயிலிருந்து தண்ணீர் படாமல் புட்டிக்கு.
சோளம்தான் முக்கால்வாசி, மால்ட் கொஞ்சம்,
ரை இருக்கவேண்டிய இடத்தில் கோதுமை.
"சப்பாத்தி மாவா?" என்றான் குருசுமிக்கேல்.
ரை அடிக்கும், கோதுமை அணைக்கும் என்பார் டேல்.
இது அணைத்துக்கொண்டே அடிக்கிற ஜாதி.

நான் சித்ராவில் இருப்பவன்.
(அது ஊர், பெண்ணில்லை;
வீட்டில் இரண்டு முறை விளக்கியாயிற்று.)
பகலெல்லாம் டீசலுக்கு மார்க் போடுகிறேன்:
அடர்த்தி, கந்தகம், தீப்பற்றும் சூடு.
முகர்ந்து பார்ப்பது விதிப்படி குற்றம்.
மூக்கு பட்டினியோடு வீடு வருகிறது.

முதல் முகர்வில் வெறும் வார்னிஷ்.
வாயை லேசாகத் திறந்து மறுபடி:
ஏலக்காய் போட மறந்த முஹரக் ஹல்வா,
பன்னின் பழுப்பு மேல்தோல், பென்சில் சீவல்,
எங்கோ பின்னால் ஒரு செர்ரி,
செர்ரி கூட இல்லை,
கேக்கிலிருந்து அதை யாரோ எடுத்துவிட்ட குழி.

நாக்கில் ஒரு வினாடி வெண்ணெய்.
அடுத்த வினாடி
ஆகஸ்டில் கார் கதவைத் தொட்ட கை.

மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
கிளாஸுக்குள் ஏதோ நெளிந்து, கலங்கி, தெளிந்தது.
இப்போது கருகிய ஓக்,
பாகு முற்றிப்போன கடலைமிட்டாய்.
விழுங்கிய பிறகும் போகவில்லை.
பக்ருதீன் கடிகாரம் பார்த்தான்: நாற்பது வினாடி.
அவன் குடிப்பதில்லை.
சுலைமானியோடு உட்கார்ந்து தாளை நிரப்புகிறவன்;
குடிக்காதவன் கணக்குத்தான் செல்லும் என்பது அவன் கட்சி.

நயினார் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தான்.
மூன்று வருஷம் முன்பு
ஒரு டேங்க் மூடியருகே அழுகிய முட்டை நாற்றம் வந்தது,
பிறகு நின்றது.
நின்றால் ஓடவேண்டும். ஓடினான், விழுந்தான், பிழைத்தான்.
வாசம் மட்டும் திரும்பவில்லை.
கம்பெனிப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

கிளாஸை நெஞ்சளவு தூக்கியிருப்பான்,
சட்டையில் கழற்ற மறந்த வாயுக் கருவி
சிவந்து, அதிர்ந்து, வீறிட்டது.
அதற்கு பர்பனும் பெட்ரோலும் ஒன்றுதான்,
பற்றிக்கொள்ளும் ஆவி.
பக்கத்து ஃபிளாட்டில் சுவரைத் தட்டினார்கள்.
நயினார் அதை அணைக்கவில்லை.
"எலே, எனக்கும் வாசம் வந்துட்டுல்லா."

குடித்தான். கண்ணில் தண்ணீர்.
"எரியுது" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "நல்லாவே எரியுது."

குருசுமிக்கேல் எண்பத்து நாலு;
காசுக்கு ஆறு மார்க் கழித்தானாம்.
சும்மா வந்த புட்டிக்கு என்னடா காசு
என்று சண்டை, கால்மணி நேரம்.
நான் எண்பத்தொன்பது.

பக்ருதீன் நயினாரின் வரிக்கு வந்தான்.
'மூக்கு' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எட்டி, கருவியின் திரையைப் பார்த்து,
இருபத்திரண்டு என்று எழுதினான்.
பிறகு என் பக்கம் திரும்பி
அலகு என்ன போட என்று கேட்டான்.