நாத்தனாருக்கு, புரட்டாசியில்

கம்சலா அண்ணி,
போன் போட்டால் அழுதுவிடுவேன்,
இல்லை சண்டை பிடித்துவிடுவேன்.
இரண்டும் வேண்டாமென்று
பழைய லோடு சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி இன்று
மருந்துக்கடை வரை தனியாக நடந்தார்.
வரும்போது கையில் மாத்திரை இல்லை,
அரைக் கிலோ சங்கரா.
ஊரே விரதமாம், காசிமேட்டில் விலை இறங்கிவிட்டதாம்.
உப்புக் குறைத்து வைத்தேன். முகம் சுளித்துச் சாப்பிட்டார்.
முகம் சுளிக்கிறாரே, அதுவே போதும் எனக்கு.

நெஞ்சின் நடுவே தையல் காய்ந்துவிட்டது.
தண்டவாளம் என்கிறான் தேசிங்கு,
விரலால் தொட்டுக் கட்டைகளை எண்ணுகிறான்.
அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது அண்ணி.
நீங்கள் கூப்பிட்டு அவன் எடுத்தால்
தம்பி என்றே நினைத்துப் பேசிவிடுவீர்கள்.

இளவேனில் இயற்பியலை மறுபடி எழுதி
நாற்பத்தொன்று வாங்கினாள்.
தெருவுக்கெல்லாம் தேன்மிட்டாய் கொடுத்தாள்,
நூறு வாங்கியவள் மாதிரி.

பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பெய்யும் என்று
புரட்டாசியைச் சொல்வார்கள்.
எங்களுக்குப் பொன் சித்திரையிலேயே உருகிவிட்டது.
துறைமுக வரிசையில் டிரெய்லர் நகராத மத்தியானம்,
ஸ்டியரிங்கில் சாய்ந்தவரை
கிளீனர் மொய்தீன் இறக்கி
யாரோ ஒருத்தரின் பைக்கில் நடுவில் உட்காரவைத்து
ஸ்டான்லி வரை பிடித்துக்கொண்டே போனான்.
அந்த பைக்காரர் பேர் தெரியாது.
சட்டை கலர்கூட மொய்தீனுக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை.
வண்டித் தவணை கேட்டது.
முதலில் என் சங்கிலி. பிறகு கம்மல்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள், பதினோரு வருஷம் கழித்து.
என்னைப் பார்க்கவில்லை.
தம்பி காலடியில் கொஞ்ச நேரம் நின்றீர்கள்,
சாத்துக்குடிப் பையை வைத்தீர்கள், போய்விட்டீர்கள்.
மூன்றாம் ராத்திரி கடைசிப் பழத்துக்காகப் பையைக் கவிழ்த்தபோது
கைக்குட்டையில் சுற்றி
நான்கு வளையல்.

வார்டில் எல்லோரும் தூங்கினார்கள்.
நான் பழத்தை உரித்தேன். தின்னவில்லை.
மோட்டாருக்காகக் குழாயடியில் நீங்கள் சொன்ன சொல்,
நான் திருப்பிச் சொன்ன அதைவிடக் கேவலமான சொல்,
இரண்டும் அந்த இடத்தில் இன்னும் ஈரமாகத்தான் கிடக்கின்றன.
தினமும் அங்கேதான் குடம் வைக்கிறேன்.

இனி வண்டி ஓட்டமாட்டார்.
மொய்தீனிடமே விற்றாயிற்று, பாதிப் பணம் தை மாசம்.
இவர் மணலி யார்டில் நாற்காலி போட்டு
உள்ளே வரும் வண்டி நம்பர் எழுதுகிறார்.
ராத்திரி எங்காவது ஹாரன் கேட்டால்
வலது கால் மட்டும் போர்வைக்குள் அழுத்துகிறது, பிரேக்கை.

நேற்று முதல் மழை.
ஐந்து மாச வெக்கை ஷீட்டிலிருந்து புகையாக எழுந்தது.
மணலிப் பக்கம் எரிகிற நெருப்பு
மழையிலும் அணையாமல் நின்று எரிந்தது.
வண்டியோடு கொடுக்காமல் வைத்துக்கொண்ட தார்ப்பாயை
அப்பனும் மகனும் கூரைமேல் விரித்தார்கள்.
ஏறாதே என்று கத்தினேன். ஏறவில்லை,
கீழே நின்று கயிறு பிடித்தார்.

சேட்டு கடையில் இரண்டு வளையல் மீட்டுவிட்டேன்.
மற்ற இரண்டு தீபாவளிக்குள் முடியாது,
பொங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஒன்றில் சின்ன நசுக்கல் இருக்கிறது.
அது முன்பே இருந்ததா? கோபிக்காதீர்கள்,
கேட்டுத்தான் ஆகவேண்டும்.
இன்னொன்று. நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன்.
சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கழற்ற முடிந்தது.
உங்கள் மணிக்கட்டு இவ்வளவு மெல்லிசென்று
இத்தனை வருஷம் தெரியாது.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருநாள் வாருங்கள்.
அரக்கோணம் வண்டியில் ஏறி பேசின் பிரிட்ஜில் மாறவேண்டும்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
மற்றவர்கள் மாதிரி குனிந்து நுழையாதீர்கள்.
சரக்கு வண்டி எவ்வளவு நீளமானாலும் போகட்டும்.
இந்தப் பக்கம்
நின்றுகொண்டிருப்பேன்.