இறங்கும்போது யார் பிடிப்பது

தோட்டத்துத் தொழிற்சாலை ஏலத்தில்
என்னோடு போட்டிக்கு நின்றவர்
பழைய இரும்புக்காரர் ஒருவர்தான்.
அவர் எடைக்குக் கேட்டார். நான் வண்டிக்குக் கேட்டேன்.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஒஸ்டின் பிக்கப்.
கதவில் தோட்டத்தின் பெயர் பாதி.
பொனற்றைத் திறந்தால்
ரொட் ஒன்று எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு
வெளியே எட்டிப் பார்க்கிறது.
"இது தைக்கிற காயமில்லை அக்கா" என்றான் பவாஸ்.
கந்தப்பளைச் சந்திக்கு மேலே அவனுடைய கராஜ்,
பாதி தகரம், பாதி மூடுபனி.

அன்றிலிருந்து ஊரே எனக்கு எஞ்சின் சொன்னது,
கடனுக்குப் போஞ்சி வாங்குகிறவர்கள் உட்பட.

பொரலந்தையில் ஒரு கோழிக்கூட்டில்
அதே ஒஸ்டின், அதே வருடம்.
போய்ப் பார்த்தேன். வால்வ் மூடியின் மேல்
கோழியொன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.
"குஞ்சு பொரிக்கட்டும், பிறகு கழற்றலாம்" என்றார் ரணவீர.
இரண்டு இலட்சம், கோழி இல்லாமல்.
ரிங் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.
அசல், அசல், அசல் என்றார்.

பஞ்சிகாவத்தையிலிருந்து மச்சான் அருளப்பன்
படம் அனுப்பினான்: ஜப்பான் டீசல்,
சேற்றிலிருந்து எழுந்த எருமைக்கன்று.
"இறம்பொடை ஏற்றத்துக்கு மூன்றாம் கியர் போதும்,
எண்ணெய்ச் செலவு பாதி."
குரல் பதிவில் தானே உறுமியும் காட்டினான்.

நான் கணக்குப் பார்க்கிறவள்.
அளவெல்லாம் கேட்டு வாங்கி
தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து
அந்த டீசலைப் பலகையில் செய்தேன்,
எண்ணெய்த் தொட்டியின் தொந்தி உட்பட.
உள்ளே உருளைக்கிழங்கு கொட்டினோம்,
கிழங்கு போதாமல் தராசுக் கற்களும்,
இருநூற்று இருபது கிலோ வரும்வரை.
சங்கிலிக் கப்பியில் கட்டி இறக்கியபோது
தொந்தி குறுக்குச் சட்டத்தில் குந்திக்கொண்டது,
முன் வில்லுகள் சத்தமில்லாமல் படுத்துவிட்டன.
"சட்டத்தை அறுக்கலாம்" என்றான் பவாஸ்.
அறுப்பதென்றால் அவன் முகமே மலர்ந்துவிடும்.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.
ஏற்றத்தில் தோற்றால் வண்டி நின்றுவிடும்.
சில்லுக்குக் கல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.
என் லீக்ஸ் மூட்டைகள் போவது இறக்கத்தில்.
திரும்பி ஏறும்போது
வெறும் சாக்கும் நானும்தான்.
"இறங்கும்போது யார் பிடிப்பது?" என்று கேட்டேன்.

பவாஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான்.
டீசல் அவ்வளவாகப் பிடிக்காது, என்றான்,
காலை எடுத்தாலும் காற்றைக் குடித்துக்கொண்டே ஓடும்.
பெற்றோலுக்குத் தொண்டை மூடும்,
மூச்சுக்குத் திணறி வண்டியைப் பின்னால் இழுக்கும்.
பிறேக்கா? அது ஐம்பத்தெட்டாம் ஆண்டின் நம்பிக்கை.

ஆகவே வெலிமடையில்
மரம் விழுந்து பின்பக்கம் நசுங்கிய
டட்சன் சன்னியின் எஞ்சின்.
யாரும் படமெடுத்து அனுப்ப நினைக்காதது.
தரையில் இரண்டு டயர்மேல் குந்தவைத்து
குழாயை வாளித் தண்ணீரில் போட்டு
பற்றரியைத் தொட்டதும்
இருமியது. யோசித்தது.
பிறகு பேச்சை நிறுத்தவேயில்லை.

அருளப்பன் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.
ரணவீர மட்டும் போன் எடுத்து
ஒன்பது குஞ்சு என்றார்.

வண்டிப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றப் போனேன்.
எழுதுவினைஞர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
"இலக்கம் மாறினால் இது அந்த வண்டிதானா?"
அடையாள அட்டையில் நான் பவளமல்லி,
பிறப்புச் சான்றிதழில் பவலமள்ளி,
வாக்காளர் இடாப்பில் பாவலம்மா.
மூன்றையும் மேசையில் வைத்தேன்.
அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

பலகை எஞ்சின் கடைக்குப் பின்னால் கிடக்கிறது.
கிழங்கை அள்ளி விற்றாயிற்று,
அடியில் தங்கிய நாலைந்தைத் தவிர.
நேற்று மூடியைத் திறந்தேன்.
மூன்றாம் சிலிண்டர் இருக்கவேண்டிய இடத்தில்
முளை விட்டிருக்கிறது.